அம்மாவுக்குப் பிறகு: எதற்காக எழுந்திருப்பது?

பவானிக்கரை

இங்கே நெடுநாளாக வாசகனாக மட்டும் இருப்பவன். இது முதல் பதிவு.

வயது 43, ஈரோடு பக்கம், திருமணம் ஆகவில்லை. ஒரு நூல் மில்லில் கணக்குப் பிரிவில் இருந்தேன். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டதும் வேலையை விட்டேன். அக்காவுக்கு அவள் குடும்பம். சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பார்த்தோம், யாரும் நிலைக்கவில்லை. மூக்குக் குழாயில் கஞ்சி, டயப்பர், யூரின் பை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, கை கால்களை மடக்கி நீட்டுவது, எல்லாம் நான்தான். பேச்சும் போய்விட்டது, கண்ணால்தான் கூப்பிடுவார். பல வருடம் அப்படி இருந்துவிட்டு, போன ஐப்பசியில் நிமோனியா வந்து போய்விட்டார்.

காரியம் முடிந்த அன்றே உறவினர்கள் 'இனியாவது உன் வாழ்க்கையைப் பார்' என்றார்கள். எந்த வாழ்க்கையை என்று கேட்கத் தோன்றியது. இரண்டு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன், ஜிஎஸ்டி தாக்கல் செய்து தருகிறேன், செலவுக்குப் போதும். கடன் இல்லை. குறை என்று எடுத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் கண் விழித்ததும் 'எதற்கு?' என்பதுதான் முதலில் வருகிறது. அழுகைகூட வருவதில்லை. ராமேஸ்வரம் போய்வந்தேன். யோகா வகுப்பில் சேர்ந்து விட்டுவிட்டேன். தத்துவம் படித்தேன், படிக்கும்போது சரியாக இருக்கிறது, புத்தகத்தை மூடியதும் பழையபடி.

மனிதன் பிறக்கிறான், உழைக்கிறான், ஒருநாள் இன்னொருவர் கையில் விழுகிறான், போய்விடுகிறான். இதில் என்ன பொருள் இருக்கிறது? பெண் பார்க்கச் சொல்லாதீர்கள், அதைச் சொல்ல வீட்டிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். இந்த நிலையில் இருந்தவர்கள் எப்படி மீண்டீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

தயவு

தம்பி, பெற்ற தாய்க்குச் செய்ததைவிடப் பெரிய புண்ணியம் இல்லை. ஆண்டவன் உங்களுக்கென்று ஒரு கணக்கு வைத்திருப்பான். மாலையில் ஒரு விளக்கேற்றி அதன் எதிரே கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

கருங்கல்

அப்படிக் கணக்குப் பார்க்கிறவன் இருந்தால் அந்த அம்மா அத்தனை வருடம் படுத்துக் கிடந்திருக்க வேண்டியதில்லையே. அவர் வழி கேட்கிறார், நீங்கள் வசனம் கொடுக்கிறீர்கள்.

தயவு

என் மகன் போனபோது அந்த விளக்குதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. உங்களுக்கு அது வசனமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

மட்டுறுத்துநர்

கடவுள் உண்டா இல்லையா என்பதற்கு ஏற்கெனவே தனி இழைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்தச் சண்டையை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

வார்டு ஏழு

பவானிக்கரை, நான் அரசு மருத்துவமனை ஒன்றில் மனநலப் பிரிவுச் செவிலியர். உங்கள் பதிவில் வாழ்வின் பொருள் பற்றிய வரிகளைவிட 'அழுகைகூட வருவதில்லை' என்ற வரிதான் என் கண்ணில் பட்டது. தத்துவம் பேசுவோம், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எதை முதலில் பார்ப்பது என்று ஒரு வரிசை இருக்கிறது.

சாப்பாடு ருசிக்கிறதா? முன்பு பிடித்த பாட்டு, கிரிக்கெட், டீக்கடைப் பேச்சு, எதிலாவது மனம் ஒட்டுகிறதா? தூக்கம் எப்படி? எடை குறைந்திருக்கிறதா? கணக்கு எழுதும்போது ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறதா? இப்படிப்பட்டவை பல சேர்ந்து, நாளின் பெரும்பகுதி நேரம், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனச்சோர்வு நோயாக இருக்கலாம் என்று பார்க்க வேண்டும். துக்கம் பெரும்பாலும் அலை அலையாக வரும். நடுவில் பழைய கதை ஒன்றைப் பேசிச் சிரிக்கவும் முடியும். மனச்சோர்வில் அந்த ஏற்ற இறக்கமே இருக்காது. இரண்டும் சேர்ந்தும் வரும். தைராய்டு குறைந்தாலும் வைட்டமின் பி12 குறைந்தாலும் ஆள் இப்படியே ஆகிவிடுவதுண்டு. அதற்கு இரத்தப் பரிசோதனை போதும்.

இன்னொன்றை நேராகவே கேட்கிறேன். செத்துப்போகலாம் என்ற எண்ணம் வருகிறதா? இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்று பலர் பயந்து கேட்காமலே இருந்துவிடுகிறார்கள். அப்படி ஆவதில்லை. கேட்டுவிட்டால் எதிரே இருப்பவருக்குப் பெரும்பாலும் பாரம் இறங்குகிறது.

பவானிக்கரை

இவ்வளவு நேராக இதுவரை யாரும் கேட்கவில்லை. சாப்பாட்டில் ருசி இல்லை, நேரமானால் சாப்பிடுகிறேன். பேண்ட் எல்லாம் இடுப்பில் நிற்பதில்லை. இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை விழிப்பு வருகிறது. புரட்டிப் போட்ட பழக்கம் உடம்பிலேயே தங்கிவிட்டது போலும். கணக்கில் தவறு வந்ததில்லை, ஆனால் ஒரு மணி நேர வேலை அரை நாள் பிடிக்கிறது.

சாக வேண்டும் என்று இல்லை. திட்டமெல்லாம் எதுவும் கிடையாது. இருந்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. அவ்வளவுதான்.

வார்டு ஏழு

கடைசியாக எழுதியிருப்பதை ஒரு சொல்லும் மாற்றாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் புறநோயாளிப் பிரிவு இருக்கும். சீட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் போதும், காசு கிடையாது. இரவில் தாங்க முடியாமல் போனால் 14416. டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல உதவி, 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, நாள் முழுவதும் இயங்குகிறது, தமிழில் பேசலாம். சென்னையில் சினேகா அமைப்பு 1986ஆம் ஆண்டிலிருந்து தற்கொலைத் தடுப்புக்காகவே இருக்கிறது. 'எனக்கு அவ்வளவு மோசமில்லையே' என்று தள்ளிப்போடுகிறவர்களைத்தான் நான் வார்டில் அதிகம் பார்க்கிறேன்.

நூலகம்

மருத்துவம் ஒருபக்கம் நடக்கட்டும். இந்தக் கேள்விக்கு விக்டர் பிராங்கலைத் தாண்டிப் போக முடியாது. வியன்னாவின் மனநல மருத்துவர். 1942இல் நாஜிகள் குடும்பத்தோடு பிடித்துக்கொண்டு போனார்கள். தாய், தந்தை, மனைவி மூவரையும் முகாம்களில் இழந்து, 1945இல் அவர் மட்டும் வெளியே வந்தார். முகாமில் இருவர் அவரிடம் 'வாழ்விலிருந்து எதிர்பார்க்க இனி ஒன்றுமில்லை' என்று சொன்னார்களாம். ஒருவருடைய குழந்தை வெளிநாட்டில் காத்திருந்தது. இன்னொருவர் எழுதத் தொடங்கிய அறிவியல் நூல் வரிசை பாதியில் நின்றிருந்தது. வாழ்வு இன்னும் உங்களிடமிருந்து எதிர்பார்ப்பது என்ன என்று அவர்கள் யோசிக்கும்படி செய்தார் பிராங்கல். அண்ணனும் இப்படித் திருப்பிக் கேட்டுப் பார்க்கலாம்.

கருங்கல்

பிராங்கல் மீது எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் அவரை எடுத்துச் சொல்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். பிள்ளைகள் காத்திருந்த எத்தனையோ பேர் ரயிலிலிருந்து இறங்கிய அன்றே விஷவாயு அறைக்கு அனுப்பப்பட்டார்கள். பொருள் இருந்தவர் பிழைத்தார் என்று சொன்னால், செத்தவருக்குப் பொருள் போதவில்லை என்றாகிவிடும். தங்களில் சிறந்தவர்கள் திரும்பி வரவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அதை மட்டும் யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

நூலகம்

ஏற்கிறேன். அவர் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம், பிழைத்த கதையை விட்டுவிடுவோம்.

பழைய போஸ்ட்மேன்

ஓய்வு பெற்ற புதிதில் எனக்கும் இதே வெறுமைதான். ஒரு தெருவுக்குள் நுழைந்தால் பத்து வீட்டில் கதவு திறக்கும் ஆளாக இருந்தவன், திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிற ஆளாகிவிட்டேன். அப்போது எனக்குத் தெம்பு கொடுத்தது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் கதை. டாக்டர் வெங்கடசாமி 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 1976இல் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். 43 எல்லாம் ஒரு வயதா தம்பி?

குரூப் நான்கு

ஐயா, கோபித்துக்கொள்ள வேண்டாம். இத்தகைய கதைகளைக் கேட்டால் எனக்கு இன்னும் சோர்வுதான் வருகிறது. நான் மருத்துவமனை கட்டப் போவதில்லை. அப்படியானால் என் வாழ்க்கை வீணா?

பவானிக்கரை அண்ணனுக்காவது அவரை நம்பி ஓர் உயிர் இருந்தது. எனக்கு 31 வயது. பொறியியல் முடித்துவிட்டு அரசுத் தேர்வுக்குப் படிக்கிறேன். அறிவிப்பு, ஹால் டிக்கெட், விடைக்குறிப்பு, கட் ஆஃப், மறுபடி அறிவிப்பு. அப்பா இன்னும் தறி ஓட்டுகிறார். உறவினர் திருமணங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். பந்தியில் பக்கத்தில் உட்காருகிறவர் முதலில் கேட்பதே 'இப்போது என்ன செய்கிறாய்' என்பதுதான். வீட்டில் பாரமாக இருப்பவனே நான்தான். என்னை நம்பி ஒருவரும் இல்லை என்னும்போது நான் எங்கே போய்ப் பொருள் தேடுவது?

பழைய போஸ்ட்மேன்

நான் சொல்ல வந்ததைச் சரியாகச் சொல்லவிடுங்கள். டாக்டர் வெங்கடசாமி பிரசவ மருத்துவராக வேண்டும் என்றுதான் நினைத்திருந்தார். இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிவிட்டதால் அது முடியாமல் போய், கண் மருத்துவத்துக்கு வந்தார். கோணிய விரல்களுக்கு ஏற்றபடி கருவிகளை அமைத்துக்கொண்டு அறுவை சிகிச்சை செய்யப் பழகினார். 58 வயதில் உட்கார்ந்து 'என் வாழ்வின் நோக்கம் என்ன' என்று யோசித்துக் கண்டுபிடித்த வேலை இல்லை அது. பல வருடம் கை பழகிய வேலையைத்தான் இன்னோர் இடத்தில் தொடர்ந்தார். நான் பார்ப்பது அந்தப் பழகிய கையைத்தான். உங்கள் கை எதில் பழகியிருக்கிறது தம்பி?

குரூப் நான்கு

தேர்வு எழுதுவதில்.

கருங்கல்

தம்பி, ஒரு தேதி குறித்துக்கொள்ளுங்கள். இந்தத் தேர்வு வரைக்கும், அதற்குமேல் இல்லை என்று. முடிவே இல்லாத காத்திருப்பு ஆளைத் தின்றுவிடும். தோற்றுப்போனால்கூட அடுத்த வேலையைப் பார்க்க முடியும்.

குரூப் நான்கு

நீங்கள் சொல்வது புரிகிறது. தேதி குறிக்கிற தைரியம் இன்னும் வரவில்லை.

வார்டு ஏழு

தம்பி, நான் மேலே கொடுத்த எண் உங்களுக்கும் சேர்த்துத்தான். தேர்வு பற்றிப் பேசவும் அழைக்கலாம்.

கருங்கல்

பவானிக்கரைக்கு என் தரப்பைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வெடுக்கென்று பேசுகிற ஆள் நான், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

இரண்டு கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டியிருக்கிறீர்கள். பிரபஞ்சத்துக்கு நோக்கம் உண்டா என்பது ஒன்று. வருகிற செவ்வாய்க்கிழமை நான் எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு என் பதில், இல்லை. இன்னும் சுமார் ஐந்நூறு கோடி ஆண்டுகளில் சூரியன் வீங்கிச் சிவந்துவிடும். கல்லணையும் மிஞ்சாது, கணினியும் மிஞ்சாது. அதை நான் மறைத்துப் பேசப் போவதில்லை.

ஆனால் இது உங்கள் அம்மா இருந்தபோதும் உண்மைதானே? நள்ளிரவில் எழுந்து அவரைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது, 'சூரியனே ஒருநாள் போய்விடப் போகிறது, இதெல்லாம் எதற்கு' என்று ஒரு தடவையாவது தோன்றியதா? தோன்றியிருக்காது என்று பந்தயம் கட்டுகிறேன். பிரபஞ்சம் அன்றைக்கும் இதே மாதிரிதான் இருந்தது. அன்று அது உங்களைத் தொந்தரவு செய்யவில்லை. இடைப்பட்ட காலத்தில் காலியானது உங்கள் வீட்டில் ஓர் அறை. அந்த அறையைப் பார்க்க முடியாமல் நீங்கள் வானத்தைப் பார்த்துக் கேட்கிறீர்கள். வானத்துக்குப் பதில் எழுதியவர்களின் புத்தகங்கள் மூடியதும் பழையபடி ஆகிவிடுவதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆகவே பெரிய கேள்வியைத் தீர்த்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும் என்றில்லை. அது தீராமலே கிடக்கட்டும். எனக்கும் தீரவில்லை. நான் காலையில் எழுந்து கடையைத் திறக்கிறேன்.

நூலகம்

அழகாக வெட்டிவிட்டீர்கள், ஆனால் கத்தி எல்லா இடத்திலும் வெட்டாது. டால்ஸ்டாய் ஐம்பது வயதை ஒட்டிய காலத்தில் இதே கேள்வியில்தான் சிக்கினார். நிலம், பணம், உலகப் புகழ், வீடு நிறையப் பிள்ளைகள், நல்ல உடல்நலம். எந்த அறையும் காலியாகவில்லை. அப்படி இருந்தும், தன்னைத் தானே ஏதாவது செய்துகொண்டுவிடுவோமோ என்று பயந்து வேட்டைக்குத் துப்பாக்கி எடுத்துப் போவதையே நிறுத்தினார். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கருங்கல்

வார்டு ஏழு அன்றைக்கு அங்கே இருந்திருந்தால் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பார்.

வார்டு ஏழு

கண்டிப்பாக அனுப்பியிருப்பேன். துப்பாக்கியை வீட்டிலிருந்தே அப்புறப்படுத்தச் சொல்லியிருப்பேன்.

நூலகம்

சிரித்துவிட்டேன். ஆனாலும் கேள்வி அப்படியே நிற்கிறது. எல்லாம் இருந்தும் வருகிற வெறுமை என்று ஒன்று உண்டு. டால்ஸ்டாய் கடைசியில் விடை இருப்பதாகக் கண்டது படித்தவர்களிடம் இல்லை, உழுது பிழைக்கிறவர்களின் நம்பிக்கையில். அது கருங்கல்லுக்குப் பிடிக்காது.

கருங்கல்

நம்பிக்கை பிடிக்காது. உழவில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

தயவு

காலியான அறை என்று அவர் சொல்வது எனக்குச் சரியாகவே படுகிறது. தம்பி, ஒருமுறை வடலூருக்கு வாருங்கள். 1867 மே 23ஆம் தேதி வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்றைக்கு மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. பசி என்று வருகிறவருக்குச் சோறு. உங்களைத் தியானத்தில் உட்காரச் சொல்ல மாட்டேன். பூசணிக்காய் நறுக்கச் சொல்வேன். மகன் போன பிறகு நான் அங்கே போய் அதைத்தான் செய்தேன். பக்கத்தில் உட்கார்ந்து நறுக்கிய அம்மாள் என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. 'துண்டு பெரிதாக இருக்கிறது, இன்னும் சிறிதாக நறுக்கு' என்று மட்டும் சொன்னாள். அத்தனை நாளில் என்னைப் பாவம் பார்க்காமல் பேசிய முதல் ஆள் அவள்தான்.

கருங்கல்

சோறு போடுவதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை அம்மா.

கொள்ளிடம்

இவ்வளவு நேரம் எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

என் கணவருக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்து வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் இயந்திரத்தில் நான்கு மணி நேரம், அதற்கு முன்னும் பின்னும் தஞ்சாவூர் பஸ். குடிக்கிற தண்ணீரை டம்ளரில் அளந்து கொடுக்க வேண்டும். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, கீரை கூடாது. ஆசையாகக் கேட்டால் மறுக்க வேண்டியவள் நான். 'நீ என்னைக் கொல்கிறாய்' என்று கத்தியிருக்கிறார்.

அவர் போன அன்று எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. நிம்மதி. இனி பஸ்ஸுக்கு ஓட வேண்டாம் என்று மனம் சொன்னது. ஒரு மனைவி இப்படி நினைக்கலாமா என்று உடனே அதைக் கழுத்தைப் பிடித்து அமுக்கிவிட்டேன். அமுக்கியதோடு மற்றவையும் சேர்ந்து அமுங்கிவிட்டன. பசி, கோபம், அழுகை, ஒன்றும் இல்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் 'கல்லாக உட்கார்ந்திருக்கிறாளே' என்று பேசிக்கொண்டார்கள். தம்பி 'அழுகைகூட வருவதில்லை' என்று எழுதியதைப் படித்ததும் இது நினைவுக்கு வந்தது. உங்களுக்கும் அப்படித்தான் என்று சொல்லவில்லை. ஒருவேளை அப்படி இருந்தால், அம்மா மீது இருந்த பாசமும் அந்த வேலை முடிந்த நிம்மதியும் ஒரே ஆளுக்குள் இருக்கலாம். ஒன்று மற்றதைப் பொய்யாக்காது. இதை எனக்குச் சொல்ல அப்போது ஆள் இல்லை.

பிறகு என்ன ஆயிற்று என்றும் சொல்கிறேன். 2021 ஆகஸ்டில் அரசு மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது அல்லவா, வீட்டுக்கே வந்து சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை கொடுப்பது, பிசியோதெரபி, படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி தணிப்புச் சிகிச்சை என்று. எங்கள் பகுதிக்கு வருகிற செவிலியர் ஒருநாள், 'அடுத்த தெருவில் ஒருவருக்கு டயாலிசிஸ் தொடங்கப் போகிறார்கள், அவர் மனைவிக்குச் சமையல் கட்டுப்பாடு பிடிபடவில்லை, நீங்கள் ஒருதரம் போய்ச் சொல்லுங்களேன்' என்றார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அந்த வாசனையே வேண்டாம் என்று இருந்தது. அவர் விடவில்லை. போனேன். காய்கறியைச் சிறிதாக நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், அப்போதுதான் பொட்டாசியம் குறையும் என்று செய்து காட்டினேன். அந்தப் பெண் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். 'அவர் கோபப்பட்டால் என்ன செய்வீர்கள்' என்று கேட்டாள். அதற்கு மட்டும் என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை, இருவரும் சற்று நேரம் உட்கார்ந்திருந்தோம். அன்று இரவு எனக்குப் பசித்தது.

வாழ்வின் பொருளைக் கண்டுவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். இப்போதும் சில நாட்கள் ஒன்றுமே இல்லாமல் போகின்றன. பசிக்கிறது, அது போதும் என்று இருக்கிறேன்.

பவானிக்கரை

கொள்ளிடம் அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டுப் பதில் எழுத முடியாமல் போய்விட்டேன். ஆம். எனக்கும் வந்தது. மயானத்திலிருந்து திரும்பி வந்து குளித்துவிட்டுப் படுத்தபோது, இன்று ராத்திரி எழுந்திருக்க வேண்டாம் என்று தோன்றியது. அதற்குமேல் இங்கே எழுதத் தெரியவில்லை.

வார்டு ஏழுக்கு: போனேன். உங்கள் பேச்சைக் கேட்டு அந்த வாக்கியத்தை அப்படியே சொன்னேன். தைராய்டு சரியாக இருக்கிறது, பி12 குறைவு என்று ஊசி எழுதியிருக்கிறார்கள், மனச்சோர்வுக்கு மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். 'என் கேள்விக்கு மாத்திரை பதில் சொல்லாதே' என்று கேட்டேன். 'அது அதன் வேலை இல்லை, கேள்வி கேட்கிறவர் தூங்கிச் சாப்பிட்டுத் தெம்பாக இருந்து கேட்கட்டும் என்பதற்காகத்தான்' என்றார் மருத்துவர். பதில் எனக்குப் பிடித்திருந்தது.

கருங்கல், பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள். சூரியனைப் பற்றி ஒருநாளும் தோன்றியதில்லை.

வார்டு ஏழு

நல்லது. மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும். முதல் சில நாட்கள் குமட்டல் இருக்கலாம். கொஞ்சம் தேறியதும் நீங்களாக நிறுத்திவிடக் கூடாது, நாங்கள் அதிகம் பார்க்கிற சிக்கல் இதுதான்.

இன்னொன்று. 'மனம் வரட்டும், பிறகு செய்கிறேன்' என்று காத்திருக்காதீர்கள். இந்த நோயில் மனம் தானாக வராது. சின்ன வேலை ஒன்றைச் செய்த பிறகுதான் மெல்லப் பின்னால் வரும். 1970களிலிருந்தே இதை ஒரு சிகிச்சை முறையாக வளர்த்திருக்கிறார்கள். நேரம் குறித்து ஒரு வேலை, அவ்வளவுதான். பெரிய வேலையாக இருக்க வேண்டியதில்லை.

சத்தி ரோடு

தலைப்பை விட்டு விலகிக் கேட்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் மாமனாருக்குப் பக்கவாதம், இடப்பக்கம். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறோம். இடுப்புக்குக் கீழே எலும்பு இருக்கும் இடத்தில் தோல் கன்றினாற்போல் கருத்திருக்கிறது, இன்னும் உடையவில்லை. மாமியார் எண்ணெய் போட்டுத் தேய்க்கச் சொல்கிறார். மருந்துக் கடையில் நடுவே ஓட்டை உள்ள ரப்பர் வளையம் கொடுக்கிறேன் என்கிறார்கள். வேளாவேளைக்குப் புரட்டவும் முடியவில்லை, ஆள் கனமாக இருக்கிறார். பவானிக்கரை அண்ணா இதையெல்லாம் பார்த்தவர் என்பதால் கேட்கிறேன்.

பவானிக்கரை

தேய்க்க வேண்டாம். முதலில் அதை நிறுத்துங்கள். அந்த இடத்தில் உள்ளே ஏற்கெனவே அடிபட்டிருக்கிறது, தேய்த்தால் இன்னும் நைந்துவிடும். ரப்பர் வளையமும் வேண்டாம். சுற்றிலும் அழுத்தி நடுவில் இரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடும். அந்த இடத்தின்மீது எடை விழாமல் பார்த்துக்கொள்வதுதான் மருந்து.

புரட்டுவதைத் தனி ஆளாகவும் செய்யலாம், கை பழக வேண்டும். இடுப்புக்கும் தோளுக்கும் அடியில் ஒரு பழைய பருத்திப் போர்வையை நான்காக மடித்து எப்போதும் போட்டு வையுங்கள். ஆளைப் பிடித்து இழுக்காமல் போர்வையைப் பிடித்து நகர்த்த வேண்டும். உடம்பைப் படுக்கையில் உரசி இழுத்தால் தோல் பிய்ந்துவிடும். செயலற்ற இடக்கையைப் பிடித்துத் தூக்கவே கூடாது, தோள் மூட்டு இறங்கிவிடும். முழுவதும் பக்கவாட்டில் படுக்க வைக்காமல் பாதி சாய்ந்தாற்போல், முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து நிறுத்துங்கள். முழுப் பக்கவாட்டில் வைத்தால் இடுப்பு எலும்பில் புண் வரும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு சின்னத் தலையணை. கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொன்று, குதிகால் காற்றில் நிற்க வேண்டும். குதிகாலை எல்லோரும் மறந்துவிடுவார்கள். நானே அங்கேதான் அதிகம் கவனம் வைத்தேன்.

சுவரில் ஒரு தாள் ஒட்டி நேரமும் எந்தப் பக்கம் என்பதும் எழுதுங்கள். இடம், நேர், வலம் என்று மாற்றி மாற்றி. வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் எழுதாவிட்டால் 'அவர் புரட்டியிருப்பார்' என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வார்கள்.

டயப்பர் நனைந்தால் உடனே மாற்றி, ஒற்றித் துடைத்து, துத்தநாக களிம்பு லேசாகத் தடவுங்கள். சாப்பிடும்போதும் அதற்குப் பின் ஒரு மணி நேரமும் தலைப்பக்கம் உயர்த்தி இருக்கட்டும், பிறகு இறக்கிவிடுங்கள். உயரத்திலேயே விட்டால் உடம்பு கீழே சறுக்கி அதே இடம் உரசும். முட்டை, பருப்பு குறையாமல் கொடுங்கள். வாயால் விழுங்குகிறாரா, குழாயா? இருமல் வருகிறதா? அதைச் சொல்லுங்கள்.

வார்டு ஏழு

எல்லாம் சரி. நான் சேர்ப்பது: நம் தோல் நிறத்தில் சிவப்பு எளிதில் தெரியாது. கையால் தொட்டுப் பக்கத்துத் தோலோடு ஒப்பிடுங்கள், சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று. தோல் உடைந்தாலோ நீர் கசிந்தாலோ காய்ச்சல் வந்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் வலி தணிப்புச் செவிலியர் வீட்டுக்கே வந்து பார்ப்பார், பிசியோதெரபிக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சத்தி ரோடு

வாயால்தான் சாப்பிடுகிறார், குழாய் இல்லை. தண்ணீர் குடித்தால் மட்டும் இருமுகிறார். போர்வை யோசனையை இப்போதே செய்கிறோம். ஏர் பெட் வாங்கினால் இரவில் புரட்டாமல் விடலாமா?

வார்டு ஏழு

தண்ணீருக்கு இருமினால் நுரையீரலுக்குள் போகிறது என்று சந்தேகிக்க வேண்டும். விழுங்கும் திறனை மருத்துவரிடம் சோதித்துக்கொள்ளும் வரை நேராக உட்கார வைத்துத்தான் கொடுக்க வேண்டும், ஒரு சின்னக் கரண்டி, விழுங்கியது தெரிந்த பின் அடுத்தது. நாளைக்கே கேளுங்கள்.

பவானிக்கரை

விட முடியாது. ஏர் பெட் அழுத்தத்தைக் குறைக்கும், புரட்டுகிற வேலையைக் குறைக்காது. கடையில் அப்படிச் சொல்லி விற்பார்கள், நம்பாதீர்கள். மின்சாரம் போனால் காற்று இறங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். காற்றுக் குழாயின் வாயை அடைத்து வைத்தால் கொஞ்ச நேரம் தாங்கும்.

புதிதாக வாங்க அவசரப்பட வேண்டாம். அம்மாவுடையது பரண்மேல் இருக்கிறது. பம்ப்பில் ஒரு குழாய் விரிசல் விட்டு ஒட்டுப் போட்டிருந்தேன், இறக்கி ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். ஓடினால் சத்தி பஸ்ஸில் கொண்டுவந்து போட்டுக் காட்டிவிட்டு வருகிறேன். கட்டிலின் அகலத்தை அளந்து தனிச்செய்தியில் அனுப்புங்கள், சில கட்டில்களுக்கு அது பொருந்துவதில்லை.